நான்காவது ஹாலுக்கு வராத அம்மா

சாம்,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் உங்கப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மெட்ரோவில் உட்கார்ந்து அவர் படித்தாலும் சரி, நாளைக்கு உன் ஆபீஸில் யாராவது கேட்டு நீ எடுத்துக் கொடுத்தாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நான் நாலு வரிக்கு மேல் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், வரிகளைத் தாவ உன்னால் முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை தினமும் காலையில் உன்னை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினதற்கு எனக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைக்கப்போகிறது. அதனால் மெதுவாகப் படி.

போன மாதம் ஏர்போர்ட் பக்கத்து ஓட்டலில் நடந்த டேட்டாபேஸ் மாநாட்டில் நீ முதல்முறையாக மேடை ஏறிப் பேசினாய். அதே நேரத்தில், பக்கத்து ஹாலில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ வாசலில் நின்று கூப்பிட்டும் வராமல் போனேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் "பிஸிம்மா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. உங்கப்பா சர்ச் முடிந்து வரும்போது உனக்கும் சேர்த்துத்தான் கறி வாங்கி வருகிறார். குர்கானிலிருந்து நீ வரப்போவதில்லை என்று தெரிந்ததும் என் மேல் எரிந்து விழுகிறார். "ஏட்டி, பெத்த பிள்ள பேசுததக் கேக்கப் போவாம பக்கத்து ரூம்ல உக்காந்து என்னத்தக் கிழிச்ச?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். பாளையங்கோட்டையை விட்டு டெல்லிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் கோபம் வந்தால் அவருக்கு ஊர் பாஷை தானாக வந்துவிடும். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. அந்த அனுமதியை இன்று காலையில் நானே எடுத்துக்கொண்டேன். அவரும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

மாநாட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் மயூர் விஹார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீயும் நானும் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாநாட்டுக்கென்று ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் எட்டு ஹாலில் எட்டுப் பேச்சு, நமக்கு வேண்டியதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் இலை முழுக்க வாங்கி வைத்துக்கொள்கிறவள் நான், உனக்குத் தெரியும். ஒரே மணிக்கு மூன்று பேச்சுகளைத் தொட்டு வைத்திருந்தேன். நீ பார்த்துவிட்டு தலையில் அடித்துக்கொண்டாய். "அரே அம்மா, நீ என்ன மூணு பேரா? ஸ்பான்சர் பேசுறது எல்லாம் விளம்பரம், விடு. தலைப்புல ஃப்யூச்சர்னு இருந்தா அதையும் விடு. எங்க சிஸ்டம் எப்படி விழுந்துச்சு, எப்படி எழுப்பினோம்னு எவன் சொல்றானோ அவன்கிட்ட போய் உக்காரு. அவன்தான் வேலை பார்க்கிறவன்." எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு இதைச் சொல்லித் தர யாரும் இல்லை. என் விரலைத் தள்ளிவிட்டு நீயே ஒவ்வொன்றாகத் தொட்டு இரண்டு நாளையும் நிரப்பினாய். கடைசியாக, இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்காவது ஹால் என்று இருந்ததைத் தொட்டாய். பழைய டேட்டாபேஸைக் கழற்றிப் புதியதற்கு மாற்றும்போது என்னென்ன உடையும் என்று தலைப்பு. கீழே உன் போட்டோ, தாடியெல்லாம் ஒழுங்காகக் கத்தரித்து. "இது உனக்கு கம்பல்சரி. முன்னாடி வரிசையில உக்காரு. ஆனா சொல்லிட்டேன், வாயசைக்கக் கூடாது."

வாயசைத்த கதையை நீ மறக்கவே மாட்டாய் போல. சண்டே ஸ்கூலில் நீ பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் ஒப்பித்தாய், உனக்கு ஆறு வயசு இருக்கும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உன்னோடு ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயசைத்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னாய், எனக்குத் தும்மல் வந்ததும் நீயும் நின்றுவிட்டாய். சபையே சிரித்தது. ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கத்துப் பேச்சுப் போட்டிக்கு நீ போனபோது, "அம்மா, நீ கடைசி வரிசைக்குப் போ" என்று வாசலிலேயே என்னை நிறுத்தினாய். கடைசி வரிசைக்குப் போய் அங்கிருந்தும் வாயசைத்தேன். ஆபீஸில் சர்வர் படுத்துக் கிடந்த நாளில்கூட, படுத்தது படுத்தபடியே கிடக்கட்டும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உன் ஸ்கூல் நாடகத்துக்கு வந்தவள் நான். அதில் நீ மரமாக நின்றாய், ஒரு வசனம் கிடையாது. உன் பேச்சு எதையும் நான் தவறவிட்டது இல்லை சாம். அதனால்தான் இந்தத் தடவை நான் வராமல் போனது உனக்கு இப்படி வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு வலித்தது அதைவிடக் குறைவு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் ஆபீஸ் டேட்டாபேஸில் லட்சக்கணக்கான பேருடைய பென்ஷன் கணக்கு இருக்கிறது. நீ தவழ ஆரம்பித்த காலத்தில் அது என் கைக்கு வந்தது. அது இப்போது ரொம்பப் பழசாகிவிட்டது, உதிரி பாகம் கிடைப்பதில்லை, அதை எழுதின கம்பெனியே கைவிட்டுவிட்டது. புதிய டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். எந்தக் கம்பெனியிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி போட்டார்கள். என் மேலதிகாரி மல்ஹோத்ரா சார், வெளியிலிருந்து ஒரு பேராசிரியர், மூன்றாவது நான். கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது, வீட்டிலும் கூடாது. போட்டியிட்ட கம்பெனிகளில் ஒன்று, இப்போது நீ வேலை பார்க்கிற கம்பெனி. கமிட்டி போட்டபோது நீ அங்கே இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து, அதே சாப்பாட்டு மேசையில், புது வேலை கிடைத்துவிட்டது என்று கம்பெனி பெயரைச் சொன்னாய். உங்கப்பா உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஜிலேபியை எடுத்து வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தேன். "என்னம்மா, சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டாய். பல் வலிக்கிறது என்று சொன்னேன். மறுநாள் நீ எனக்குப் பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி அனுப்பினாய். போய் வாயைத் திறந்து காட்டிவிட்டும் வந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளே மல்ஹோத்ரா சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். சார், என் பையன் அந்தக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான், நான் கமிட்டியை விட்டு விலக வேண்டும் என்று. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை, சீக்கிரம் ரிடையர் ஆகப்போகிறவர், பயந்தவர். "மேடம்ஜி, நீங்க விலகினா கமிட்டியை மறுபடி போடணும். எல்லாம் முதல்லேர்ந்து. அதுவரைக்கும் அந்தப் பழைய மிஷின் தாங்குமா, நீங்களே சொல்லுங்க" என்றார் இந்தியில். தாங்காது என்று அவருக்கும் தெரியும், என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அது ஒருநாள் விழுந்தால் பென்ஷன் வராமல் நிற்கப்போகிறவர்கள் எல்லாரும் வயசானவர்கள். "பையன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. அந்தக் கம்பெனி இருக்கிற பக்கமே போகாதீங்க. அவ்வளவுதான். இதை எழுதித் தர வேண்டாம், என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல" என்றார். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று டீ குடிக்கப் போனேன். இன்னொன்றையும் உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். விலகவும் எனக்கு மனசில்லை. அத்தனை வருஷம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டதை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு மல்ஹோத்ரா சார் பேச்சு வசதியாக இருந்தது.

வாயால் சொன்னதற்கும் எழுதிக் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் டேட்டாபேஸ் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? பதிந்துகொள் என்கிற கமிட் கட்டளையைக் கொடுக்காத வரைக்கும் நாம் திரையில் அடித்தது எதுவும் அடித்ததாகக் கணக்கில்லை, கரன்ட் போனால் அத்தோடு சரி. இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். என் விஷயத்தில் மறந்துவிட்டேன். உனக்கும் ஒருநாள் இப்படி வரும் சாம். யாராவது கதவைச் சாத்திவிட்டு வந்து, எழுத வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும் என்று அன்பாகச் சொல்வார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். நீ தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போன பிறகு நான் போனை எடுத்தேன். மல்ஹோத்ரா சார் எனக்கும் ஆபீஸ் செலவில் மாநாட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தார், எந்தெந்தப் பேச்சுக்குப் போக வேண்டும் என்று அவரும் குறித்து அனுப்பியிருந்தார். உன் கம்பெனி பேசுகிற எதிலும் நான் இருக்கக் கூடாது. மற்ற இரண்டு போட்டிக் கம்பெனிகளின் பேச்சிலும் இருக்கக் கூடாது. நீ எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் பாதிக்கு மேல் போயிற்று. உன் பேச்சைக் கடைசிவரைக்கும் விட்டு வைத்திருந்து, திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில், மெட்ரோ யமுனைப் பாலத்தைத் தாண்டும்போது பட்டியலிலிருந்து எடுத்தேன். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று ஆப் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அன்று மதியம் நீயே போன் செய்தாய். பேசுகிறவனுக்குத் தன் பேச்சை எத்தனை பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரியுமாம். "அம்மா, ஒருத்தர் குறைஞ்சுட்டாங்க. யாரோ தலைப்பைப் பார்த்து பயந்து ஓடிட்டான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்கு என்ன, நிறைய பேர் வருவார்கள் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மாநாட்டில் எல்லார் கழுத்திலும் ஒரு கார்டு தொங்கவிட்டார்களே, ஒவ்வொரு ஹால் வாசலிலும் ஒரு பையன் நின்று அதை மிஷினில் காட்டி பீப் என்று சத்தம் வந்தால்தான் உள்ளே விடுவான். யார் எந்த ஹாலுக்குப் போனார்கள் என்று எல்லாம் பதிவாகும். போட்டிக் கம்பெனிக்காரர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். கமிட்டியில் இருக்கிற ஒருத்தி உன் கம்பெனிப் பேச்சில், அதுவும் தன் மகன் பேசும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதை ஒருவன் போட்டோ எடுத்தால் போதும். டெண்டர் கோர்ட்டுக்குப் போகும், உன் பெயர் என் பெயரோடு சேர்ந்து நாறும். இதை யோசித்து யோசித்து முதல் நாள் ஒரு பேச்சும் என் காதில் ஏறவில்லை. எங்கே திரும்பினாலும் ஒரு வாசல், ஒரு மிஷின், ஒரு பையன். படித்த வேலையை இன்னும் படிக்கலாம் என்று ஆசையாக வந்த இடத்தில் திருடி மாதிரி சுவரோரமாக நடந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் நீ என்னைப் பிடித்துவிட்டாய். கம்பெனி டீ-ஷர்ட்டில் நீயும், உன் மேனேஜரும், இன்னும் இரண்டு பேரும். "மீட் மை மாம், இவங்களும் டேட்டாபேஸ்தான்" என்று என் தோளில் கை போட்டாய். உன் மேனேஜர் ரொம்ப மரியாதையாக, "அச்சா, ஆன்ட்டிஜி, எந்த ஆர்கனைசேஷன்?" என்று என் கார்டைப் பார்க்கக் குனிந்தார். அதில் என் ஆபீஸ் பெயர் இருந்தது, அவர் கம்பெனி போட்டியிடுகிற அதே ஆபீஸ். நான் கார்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். சும்மா வந்தேன், பையனைப் பார்க்க என்று உளறிவிட்டு, தட்டில் பாதிச் சோற்றோடு அப்படியே நகர்ந்துவிட்டேன். கொஞ்ச தூரம் நீ பின்னாலேயே வந்தாய். "ஏன் கார்டைத் திருப்பினே? உன் ஆபீஸைச் சொல்ல உனக்கு வெட்கமா? இல்ல என்னை உன் பையன்னு சொல்றதுக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நான் பனீரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு நின்றேன். கேட்ட இரண்டுமே இல்லை என்று சொல்ல என்னிடம் வாய் இருந்தது, அதற்கடுத்து நீ கேட்கப்போகும் கேள்விக்கு வாய் இல்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் உன் கை என் தோளில் இருந்தபோது எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான்காவது ஹால் வாசலில் நீ நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாய். மல்ஹோத்ரா சார் எனக்குக் குறித்திருந்தது அதற்கு ஒட்டினாற்போல் இருந்த மூன்றாவது ஹால். அந்தப் பக்கம் போக உன்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சுற்றி வர வேறு வழி இருக்கிறதா என்று ஓட்டல் ஆளிடம் கேட்டேன், சமையலறை வழியாக மட்டும்தான் என்றான். உன்னைப் பார்க்காத மாதிரி நடந்தேன். "அம்மா, இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டாய். எனக்குக் கண் தெரியவில்லை, வாசல் மாறிப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாய். "எனக்கு இங்கதாம்யா வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஹால் பையனிடம் கார்டை நீட்டினேன். பீப் என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருப்பேன்.

அந்த ஓட்டலில் எட்டு ஹால் என்பதெல்லாம் ஒரே பெரிய கல்யாண மண்டபத்தை மடக்குத் தட்டி வைத்துப் பிரித்ததுதான். நான் போய்த் தட்டியை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்தேன். என் ஹாலில் ஒருவர் பழைய பதிவுகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் உன் குரல். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, உன் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. ஆரம்பத்தில் வேகமாகப் பேசினாய், பயந்தால் நீ அப்படித்தான் பேசுவாய். மெதுவாப் பேசுல, மெதுவா என்று நான் என் மடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிதானத்துக்கு வந்தாய். அப்போது ஒரு இடத்தில் 'மை மதர்' என்று மட்டும் தெளிவாகக் கேட்டது. உடனே எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாய் சாம்? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. உன் பேச்சின் வீடியோ வந்திருக்கிறது என்று மாநாட்டிலிருந்து மெயில் வந்தது. அதைத் திறந்தாலும் என் பெயர் பதிவாகும். எத்தனையோ தடவை அந்த மெயிலில் விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மல்ஹோத்ரா சார் கமிட்டியின் மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எந்தக் கம்பெனிக்கு என்ன மதிப்பெண் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், நீயும் கேட்க மாட்டாய். அந்தத் தாளின் கீழே, போட்டியிடும் எந்தக் கம்பெனியிலும் என் உறவினர் இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்து. "சார், இது பொய்" என்றேன். "அரே மேடம், ஃபார்மேட் அப்படி. ஒரு கையெழுத்துதானே" என்றார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சனியும் ஞாயிறும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டால் என் பொய் ஒருநாள் வெளியே வரும், அன்றைக்கு நீ சொல்லிக் கொடுத்துத்தான் அம்மா போட்டாள் என்று ஊர் சொல்லும். போடாமல் எழுதிக் கொடுத்தால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று என்னை விசாரிப்பார்கள், வேலை முடிகிற காலத்தில் எனக்கு அந்தப் பெயர் ஒட்டும்.

உங்கப்பாவும் படிக்கப்போவதால் ஒன்றை விளக்கமாக எழுதுகிறேன், உனக்கு இது தெரிந்ததுதான். டேட்டாபேஸில் இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டுமே நகராமல் நின்றுவிடும். டெட்லாக் என்போம். அப்போது டேட்டாபேஸ் தானாகவே இரண்டில் ஒன்றைப் பிடித்து வெட்டிவிடும், மற்றது பிழைத்துப் போகும். எதை வெட்டுவது என்பதற்கும் பெரும்பாலும் ஒரு கணக்கு உண்டு. குறைவாக வேலை செய்திருப்பதைத்தான் வெட்டும், அதைத் திரும்பச் செய்வது சுலபம் என்று. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இங்கே வெட்டுப்பட வேண்டியவன் நீ. நீ நேற்று வேலைக்கு வந்தவன், உனக்கு வேறு வேலை கிடைக்கும், நான் தலை நரைக்கிறவரைக்கும் கட்டிக் காத்ததைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மல்ஹோத்ரா சாரும் ஏறக்குறைய இதையே சொன்னார், பையனை வேறு கம்பெனிக்கு மாறச் சொல்லுங்களேன் என்று. நான் மிஷின் இல்லையே.

இன்று காலை மல்ஹோத்ரா சார் அறைக்குப் போகாமல் நேராக மேல்மாடியில் முறைகேடுகளை விசாரிக்கிற விஜிலென்ஸ் பிரிவுக்குப் போனேன். நீ எந்தக் கம்பெனியில் இருக்கிறாய், எப்போது சேர்ந்தாய், நான் அதை யாரிடம் எப்போது வாயால் சொன்னேன், ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி, கமிட்டியிலிருந்து விலகுவதாகச் சொல்லி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். கமிட்டியில் நான் இருந்தது இப்போது ஆபீஸ் முழுக்கத் தெரியும், இனி உன்னிடம் சொன்னால் தப்பில்லை. கீழே வந்தபோது மல்ஹோத்ரா சார் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் செய்தது அவர் கழுத்தையும் பிடிக்கும். அவருக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பென்ஷன்காரர்கள் பாடு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. பழைய மிஷினை இன்னும் கொஞ்ச காலம் நான்தான் தட்டிக் கொடுத்து ஓட்ட வேண்டும், அதற்காவது என்னை விட்டு வைப்பார்கள் என்று நம்புகிறேன். உன் வேலைக்கு நான் வைத்த இடைஞ்சலுக்கு என்னை மன்னித்துக்கொள். நீ ஆசையாக என்னிடம் கம்பெனி பெயரைச் சொன்ன அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால், நான் சத்தமாகச் சிரித்து அந்த ஜிலேபியைத் தின்றிருக்கலாம்.

இந்த வாரம் உன்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆபீஸிலிருந்தும் கேட்பார்கள், உன் கம்பெனியிலும் கேட்பார்கள். யாரையும் முந்திக்கொண்டு போய்ப் பார்க்காதே, யாரிடமும் எனக்காகப் பேசாதே. உன் அம்மா உன்னிடம் எதையாவது சொன்னாளா, உனக்காக எதையாவது செய்தாளா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல். சாப்பாட்டு வரிசையில் என் மேனேஜர் முன்னால் கார்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாங்க என்று சொல். வாசலில் நின்று கூப்பிட்டேன், இங்கதான் வேலை இருக்குன்னு பக்கத்து ஹாலுக்குப் போனாங்க என்று சொல். என் முதல் பேச்சுக்கே என் அம்மா வரவில்லை என்று சொல். அதைச் சொல்லும்போது உனக்குக் கோபம் வந்தால் அடக்காதே, அழுகை வந்தாலும் அடக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டோமே என்று என் மேல் இரக்கப்பட்டு முகத்தை மாற்றிக்கொள்ளாதே. நீ என் மேல் எவ்வளவு கோபமாக இருக்கிறாய் என்பதை அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். உன்னைக் காப்பாற்ற என்னிடம் இருக்கிற சாட்சி அது ஒன்றுதான் சாம்.

அம்மா